முள் பொய் சொல்லுதா, இன்ஜினா?

இன்னைக்கு எபிசோட் எங்க அப்பாவோட பழைய காரைப் பத்தி. கோடு எழுதுறவங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு, கேளுங்க.

2001 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர். போன மாசம் அப்பாவும் அம்மாவும் தாம்பரத்துல இருந்து மதுராந்தகம் போயிருக்காங்க. செங்கல்பட்டு தாண்டினதும் ஆர்பிஎம் மீட்டர் முள் திடீர்னு பூஜ்யத்துக்கு விழுந்து, அடுத்த நொடியே ஏறியிருக்கு. இப்படி ரெண்டு மூணு தடவை. மெக்கானிக் அண்ணன் பார்த்துட்டு, "மீட்டர் போர்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்"னு சொல்லிட்டார். அப்பாவோ, "முள்ளுதானே, ஆடிட்டுப் போகட்டும்" என்றார்.

எனக்கு ரெண்டு பதிலுமே உறுத்தியது. ஆபீஸ்ல ஒரு அலர்ட் வந்தா நாம கேட்கிற முதல் கேள்வி என்ன? பிரச்சினை சர்வர்லயா, டேஷ்போர்டுலயா? இங்கேயும் அதே கேள்விதான்.

முதல்ல, முள்ளுக்குத் தகவல் எங்கிருந்து வருது? இந்த மாதிரி பழைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு ஒயர் மீட்டருக்குப் போகும். காயில் ஒவ்வொரு தடவை ஸ்பார்க் கொடுக்கும்போதும் அதில் ஒரு பல்ஸ். நாலு சிலிண்டருக்கும் ஒரே காயில் என்றால், இன்ஜின் ஒரு சுற்று சுத்த ரெண்டு ஸ்பார்க். அப்போ 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 பல்ஸ். மீட்டர் உண்மையில் எண்ணுவது ஸ்பார்க்கைத்தான், சுற்றை இல்லை. இதை மனசுல வச்சுக்கோங்க.

அடுத்து, பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் கூடவே ஆடுச்சான்னு கேட்டேன். ஆடலை. ஆடியிருந்தா மீட்டர் போர்டுக்கு வர்ற கரன்ட் அல்லது எர்த் மேல சந்தேகப்படலாம்.

கடைசியா, "முள் விழுந்தப்போ வண்டி எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன். "லேசா ஒரு வெட்டு வெட்டுச்சுடா."

இங்கேதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா மீட்டர் மட்டும் கெட்டிருந்தா முள் விழும், வண்டி வெட்டாது. பெட்ரோல் வராம வெட்டியிருந்தா, கியரில் ஓடுற வண்டியோட சக்கரமே இன்ஜினைச் சுத்த வைக்கும். ஸ்பார்க்கும் வந்துட்டே இருக்கும், முள் சட்டுனு பூஜ்யத்துக்கு விழாது. வண்டியும் வெட்டி, முள்ளும் விழுந்தா, ஸ்பார்க்கே நின்னிருக்குன்னு அர்த்தம். முள் உண்மையைத்தான் சொல்லியிருக்கு.

இன்ஜினை ஆஃப் பண்ணி, பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு காயில் கனெக்டரைப் பிரிச்சோம். உள்ளே பச்சைக் களிம்பு, நெகட்டிவ் கிளிப் லொடலொடன்னு இருந்தது. மெக்கானிக் அண்ணனே சுத்தம் பண்ணி புது கிளிப் போட்டுக் கொடுத்தார். ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது காயில் பக்கம் கை வைக்காதீங்க. பிளக்குக்குப் போற ஒயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும்.

மீட்டர் போர்டை மட்டும் மாத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? புது முள்ளும் விழுந்திருக்கும். என்னைக்காவது ராத்திரி, பின்னாடி லாரி வரும்போது இன்ஜின் மொத்தமா நின்னிருக்கும்.

போன ஞாயிறு அப்பா மதுராந்தகத்துல இருந்து போன் பண்ணார். "முள்ளு ஆடலடா." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.