லேக் வியூ ஃப்ளாட் வாங்கலாமா? தண்ணிக்கு நாம கொடுக்குற விலை என்ன?



ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்த்துக்கிட்டு முதல் ஃப்ளாட் தேடுறவங்களுக்கு இந்த விளம்பரம் ஒரு முறையாவது கண்ணுல பட்டிருக்கும். பால்கனிக்குக் கீழே நீலத் தண்ணி, அதுல ஒருத்தர் கயாக் ஓட்டிக்கிட்டு போறார், மேலே "லேக் வியூ"ன்னு பெரிய எழுத்து. அஞ்சு நாள் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தவனுக்கு சனிக்கிழமை காலையில துடுப்பு போடணும்னு தோணுறது ரொம்ப நியாயமான ஆசை. அதை நான் கிண்டல் பண்ணப் போறதில்லை. அந்த ஆசைக்காக எவ்வளவு கடன் வாங்குறோம்னு மட்டும் இன்னைக்கு கணக்கு போடுவோம்.

ஆரம்பத்துலயே ஒரு விஷயம். நீங்க பத்திரம் பண்றது வீட்டை. தண்ணி பொதுச் சொத்து. அது பத்திரத்துல எந்தப் பக்கத்துலயும் வராது. டிக்கெட் எடுத்துட்டு வர்ற எல்லாருக்கும் இருக்கிற உரிமைதான் உங்களுக்கும். ஆனா விலையில மட்டும் அந்தத் தண்ணியும் சேர்ந்திருக்கும்.

முதல் கேள்வி: இது எந்த வகைத் தண்ணி?

சென்னையைச் சுற்றி "லேக் வியூ"ன்னு விக்கிற வீடுகளுக்குப் பக்கத்துல இருக்கிற தண்ணியை மூணு வகையா பிரிக்கலாம்.

ஒண்ணு, குடிநீர் ஏரி. போரூர், செம்பரம்பாக்கம் எல்லாம் இந்த வகை. பக்கத்துல வீடு இருக்குங்கிறதுக்காக நீங்க படகை எடுத்துக்கிட்டு இறங்க முடியாது.

ரெண்டாவது, பழைய பாசன ஏரி. வடகிழக்குப் பருவமழையில நிறையும், கோடையில வத்தும். அதுதான் அதோட இயல்பு. 2019 ஜூன்ல சென்னைக்குக் குடிநீர் தர்ற பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலுமே ஏறக்குறைய வறண்டு போச்சு. பெரிய ஏரிகளுக்கே அந்த நிலைமைன்னா, உங்க பால்கனிக்குக் கீழ இருக்கிற சின்ன ஏரி மே மாசம் எப்படி இருக்கும்னு யோசிங்க. டிசம்பர்ல எடுத்த போட்டோவைத்தான் விளம்பரத்துல போடுவாங்க.

மூணாவது, உண்மையிலேயே படகு விடுற இடம். ஊருக்குள்ள சேத்துப்பட்டு ஏரியில மீன்வளத் துறையோட பசுமைப் பூங்கா இருக்கு. ஈ.சி.ஆர்.ல முட்டுக்காடு, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட படகுக் குழாம். முட்டுக்காடு கண்டிப்பா சொன்னா ஏரி கிடையாது, கடலோட சேர்ற உப்பங்கழி. ஆனா கோவளம், கேளம்பாக்கம் பக்கம் வீடு பார்க்கிறவங்க "தண்ணி விளையாட்டு"ன்னு மனசுல வைக்கிறது பெரும்பாலும் இதைத்தான். அதனால கணக்கையும் இங்கேயே போடுவோம்.

15 லட்சம் வித்தியாசம், நிஜத்துல எவ்வளவு?

ஒரு உதாரணம். விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வச்சது. ஒரே அளவு, ஒரே தரத்துல ரெண்டு புது ஃப்ளாட். தண்ணியைப் பார்த்த ஃப்ளாட் 85 லட்சம். இருபது நிமிஷம் தள்ளி இருக்கிறது 70 லட்சம். கடன் 80%, வட்டி 8.5%, காலம் 20 வருஷம்.

- 70 லட்சம் ஃப்ளாட்: கைப்பணம் 14 லட்சம், கடன் 56 லட்சம், இ.எம்.ஐ. சுமார் 48,600 ரூபாய்.
- 85 லட்சம் ஃப்ளாட்: கைப்பணம் 17 லட்சம், கடன் 68 லட்சம், இ.எம்.ஐ. சுமார் 59,000 ரூபாய்.

மாசம் 10,400 ரூபாய் வித்தியாசம். 240 மாசத்துக்குப் பார்த்தா 25 லட்சம். கூடுதல் கைப்பணம் 3 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7%னு வச்சா, அந்த 15 லட்சத்துக்கு இன்னொரு ஒரு லட்சம். ஆக, விலைப் பட்டியல்ல 15 லட்சமா தெரிஞ்சது கையை விட்டுப் போறப்போ 29 லட்சம்.

இதை வேற மாதிரி பார்ப்போம். வருஷத்துக்கு கூடுதல் இ.எம்.ஐ. மட்டும் 1.25 லட்சம். மழை மாசம், ஊருக்குப் போற வாரம், ரிலீஸ் இருக்கிற சனிக்கிழமை எல்லாம் கழிச்சா, வருஷத்துக்கு 18 தடவை தண்ணியில இறங்குவீங்கன்னு வைங்க. ஒரு தடவைக்கு 6,900 ரூபாய். படகு வாடகை தனி!

தள்ளி இருக்கிற வீட்டுல இருந்து கேப்ல போய் வர, அலைச்சலுக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு தாராளமா 1,000 ரூபாய் போட்டாலும், வருஷத்துக்கு 125 தடவை போனாத்தான் ரெண்டு கணக்கும் சமமாகும். அதாவது வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல, வருஷம் முழுக்க. அப்படிப் போறவங்க இருக்காங்க. நீங்க அவங்கள்ல ஒருத்தரான்னு உங்களுக்குத்தான் தெரியும். போன வருஷம் ஜிம்முக்கு எத்தனை நாள் போனீங்கன்னு பார்த்தாலே ஓரளவு விடை கிடைச்சிடும்.

"டாக்ஸ் பெனிஃபிட் இருக்கே சார்!"

இதைத்தான் நிறைய பேர் சமாதானமா சொல்லிக்கிறாங்க. ஆடிட்டரா இதை கொஞ்சம் அழுத்தியே சொல்றேன்.

நீங்க புதிய வரி முறையில இருந்தா, நீங்களே குடியிருக்கிற வீட்டுக்கான கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையில வட்டிக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம். நம்ம உதாரணத்துல 56 லட்சம் கடனுக்கே முதல் வருஷ வட்டி 4.7 லட்சம் வந்துடுது. உச்சவரம்பு அங்கேயே தாண்டியாச்சு. தண்ணிக்காக வாங்குற கூடுதல் 12 லட்சத்தோட வட்டிக்கு, எந்த வரி முறையில இருந்தாலும் முதல் வருஷம் ஒரு ரூபாய்கூட வரி குறையாது. அடுத்து வர்ற பல வருஷங்களுக்கும் இதே கதைதான். அசலுக்கான கழிவு வரம்பான 1.5 லட்சத்துல பெரும்பகுதியை உங்க பி.எஃப். பிடித்தமே நிரப்பியிருக்கும்.

"விக்கும்போது அந்தக் காசு திரும்ப வருமே?"

வரலாம். இது நியாயமான வாதம், ஒதுக்கிட முடியாது. தண்ணி பார்த்த வீட்டை அடுத்தவரும் கூடுதல் விலைக்கு வாங்க வாய்ப்பு இருக்கு. ஆனா அந்தக் கூடுதல் விலை எதை நம்பி நிக்குதுன்னு பாருங்க. முன்னாடி காலி இடம் இருந்தா நாளைக்கு அங்க இன்னொரு அபார்ட்மென்ட் எழும்பலாம். படகுக் குழாமோட நேரம், கட்டணம், இடம் எல்லாமே அரசு முடிவு. தண்ணில கழிவு கலந்தா நீங்க தனியா நிறுத்த முடியாது. உங்க கட்டுப்பாட்டுல இல்லாத மூணு விஷயத்தை நம்பி 20 வருஷக் கடன் வாங்குறோம். வட்டியா கட்டின பணமோ எப்படியும் திரும்ப வராது.

தண்ணி பக்கத்துல வாங்கினா, இந்த ஆவணங்களை விட்டுடாதீங்க

வழக்கமான வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், ரெரா பதிவு எல்லாம் பார்ப்பீங்க. நீர்நிலை பக்கத்துல அது போதாது.

1. சர்வே எண்ணை வச்சு 'அ' பதிவேட்டைப் பாருங்க. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்குன்னு வகைப்பாடு இருந்தா அங்கேயே நிறுத்திக்கோங்க. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றவே 2007ல தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்திருக்கு. கரண்ட் கனெக்‌ஷனும் சொத்து வரி ரசீதும் இருந்தா அது பட்டா ஆகிடாது.

2. உங்க யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எந்தெந்த சர்வே எண்ல இருந்து வருதுன்னு எழுத்துல கேளுங்க. புராஜெக்ட்ல பத்து சர்வே எண் இருந்தா பத்தையும் பார்க்கணும். எஃப்.எம்.பி. வரைபடத்தையும் எடுத்து, கரை எங்க முடியுது, மனை எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு சர்வேயரை வச்சு அளந்து பாருங்க. சில ஆயிரம் செலவு, பல லட்சம் பத்திரம்.

3. முட்டுக்காடு மாதிரி கடல் ஏற்ற இறக்கம் வர்ற கழியா இருந்தா, சி.ஆர்.இசட். எனப்படும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் அங்கேயும் பொருந்தும். 2011 அறிவிக்கையில கழியோரத்துக்கு 100 மீட்டர் அல்லது கழியோட அகலம், இதுல எது குறைவோ அது. 2019 அறிவிக்கை அந்த 100ஐ 50 மீட்டராக்குச்சு. உங்க சர்வே எண் எந்த வரைபடத்துல எந்த மண்டலத்துல இருக்கு, அதுக்கான அனுமதி எங்கேன்னு பில்டர்கிட்ட காகிதமா வாங்குங்க. வாய்வார்த்தை வேண்டாம்.

மழை வந்தா?

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணி ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வந்து, கோவளம் முகத்துவாரம் வழியாத்தான் கடலுக்குப் போகுது. நீங்க கயாக் ஓட்ட ஆசைப்படுற அதே கழிதான் தென் சென்னையோட வடிகால். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ரெண்டு தடவையும் உங்க தெருவுல தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு எதிர்ல இருக்கிற மளிகைக் கடைக்காரர்கிட்ட கேளுங்க. ப்ரோஷர்ல இல்லாத பதில் அங்க கிடைக்கும்.

இன்ஷூரன்ஸ்ல ஒரு குழப்பம் இருக்கு. கடன் கொடுக்கும்போது பேங்க்ல சேர்த்து விக்கிற லோன் புரொடெக்‌ஷன் பெரும்பாலும் உயிர்க் காப்பீடு. வெள்ளத்துல சுவர், வயரிங், ஃப்ரிட்ஜ் போனா அது கைகொடுக்காது. அதுக்கு தனியா வீட்டுக் காப்பீடு வேணும். 2021ல இருந்து எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விக்கிற 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில வெள்ளம் அடக்கம். கீழ்த்தளத்துல கார் நிறுத்துறீங்கன்னா எஞ்சின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆனும் பாருங்க. உப்புக் காத்துல பால்கனி கிரில்லும் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதுக்கும் பட்ஜெட்ல ஒரு வரி போடுங்க.

முடிவெடுக்க ஒரு சுலபமான சோதனை

அதே காம்ப்ளெக்ஸ்ல தண்ணி பார்த்த ஃப்ளாட்டுக்கும் ரோடு பார்த்த ஃப்ளாட்டுக்கும் வாடகையில என்ன வித்தியாசம்னு விசாரிங்க. வெறும் 3,000 ரூபாய்தான்னு வைங்க. அப்போ அந்தக் காட்சிக்கு, அங்க வாழ்றவங்க கொடுக்கத் தயாரா இருக்கிற விலை மாசம் 3,000. நீங்க இ.எம்.ஐ.ல கொடுக்கப் போறது 10,400. மாசம் 3,000க்கு வாடகைக்குக் கிடைக்கிற தண்ணியை ஏன் 20 வருஷக் கடன்ல வாங்கணும்?

அதனால என் பரிந்துரை இது. ஆசை நிஜமா இருந்தா, 11 மாசத்துக்கு அங்கேயே வாடகைக்குப் போங்க. அந்த 11 மாசத்துல ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு கோடையும் வர்ற மாதிரி பார்த்துக்கோங்க. தண்ணியில இறங்குற ஒவ்வொரு நாளையும் காலண்டர்ல குறிங்க. கொசு, வாடை, டிராஃபிக், தண்ணி லாரி எல்லாமும் தானா தெரிஞ்சிடும்.

கடைசியில உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: "இங்க தண்ணியே இல்லைன்னாலும் இந்த வீட்டை இந்த விலைக்கு வாங்குவேனா?" ஆபீஸ் பக்கம், ஸ்கூல் பக்கம், பட்டா சுத்தம், இ.எம்.ஐ. கையில வர்ற சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்குள்ளன்னு இருந்து, பதில் "ஆமாம்"னா தைரியமா வாங்குங்க. "இல்லை"ன்னா அட்வான்ஸ் கொடுக்காதீங்க. அந்த மாசம் 10,400 ரூபாயை எஸ்.ஐ.பி.ல போட்டுட்டு, சனிக்கிழமை காலையில முட்டுக்காட்டுக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போங்க. தண்ணி அங்கேயேதான் இருக்கும்.