நீதிமன்ற ஆணை

நீதிமன்ற ஆணை என்பது, ஒரு வழக்கிலோ மனுவிலோ நீதிமன்றம் எழுத்து வடிவில் வழங்கும் முடிவாகும். பேச்சு வழக்கில் இதைக் 'கோர்ட் ஆர்டர்' என்பர். ஆனால் நீதிமன்றத்திலிருந்து வரும் எல்லாத் தாளும் ஆணை ஆகாது.

பனவடலிசத்திரத்தில் என்னிடம் படித்த ஒருவர், "கோர்ட் ஆர்டர் வந்திருக்கு சார், வாசிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு தாளைக் கொண்டுவந்தார். பக்கத்து நிலத்துக்காரர் வரப்புத் தகராறில் தொடுத்த வழக்குக்கான அழைப்பாணை அது, அதாவது சம்மன். "தோத்துட்டேன், இனி அங்க போய் என்ன ஆகப்போகுது" என்று இருந்துவிட்டார். உண்மையில் வழக்கே அப்போதுதான் தொடங்கியிருந்தது. குறித்த நாளில் போகாவிட்டால்தான் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும். அப்படி வந்தாலும், வர முடியாமற்போனதற்குத் தக்க காரணம் காட்டி, 30 நாட்களுக்குள் அதை நீக்கக் கோரலாம்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறது. நீதிபதி காரணங்களோடு எழுதுவது தீர்ப்பு. யாருக்கு என்ன உரிமை என்ற இறுதி முடிவை மட்டும் முறைப்படி எடுத்துரைப்பது தீர்ப்பாணை. தீர்ப்பாணை அல்லாத பிற முடிவுகள் உத்தரவுகள்.

உத்தரவுகளில் மக்கள் அதிகம் குழம்புவது இடைக்கால உத்தரவில்தான். வழக்கு முடியும்வரை நிலத்தை விற்கக்கூடாது, பாதையை மறிக்கக்கூடாது என்று நீதிமன்றம் தடை விதிக்கலாம். தடை பெற்றவர் வழக்கில் வென்றுவிட்டதாகப் பொருள் இல்லை. இருப்பது கெட்டுப்போகாமல் நிறுத்திவைக்கிறார்கள், அவ்வளவே. இத்தடையை மீறினால் மீறியவரின் சொத்தை முடக்கவும், அவரை மூன்று மாதம்வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

இன்னொரு தவறான எண்ணம், மேல்முறையீடு செய்துவிட்டால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு நின்றுவிடும் என்பது. நிற்காது. மேல்நீதிமன்றத்தில் தனியாகத் தடை கேட்டுப் பெற வேண்டும்.

வென்றவரும் தாளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இருந்துவிடலாகாது. தோற்றவர் தானாக நிலத்தை ஒப்படைக்காவிட்டால், நிறைவேற்றுதல் மனுப் போட வேண்டும். அதன்பின்தான் அமீனா வந்து சுவாதீனம் எடுத்துத் தருவார். இதற்குக் காலவரம்பு பொதுவாக 12 ஆண்டுகள். கட்டியதை இடிக்கச் சொல்வது போன்ற செயலுறுத்துக் கட்டளையாக இருந்தால் 3 ஆண்டுகள் மட்டுமே. இந்த வேறுபாடு தெரியாமல் வென்ற வழக்கைக் கைவிட்டவர்கள் உண்டு.

அரசுக்கு எதிரான குறைகளுக்கு உயர்நீதிமன்றம், அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி நீதிப்பேராணை வழங்குகிறது. எங்கள் பகுதியினர் இதற்குச் சென்னை செல்ல வேண்டியிருந்தது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கியபின் பயணம் வெகுவாகக் குறைந்தது. 2016 ஏப்ரலில் இக்கிளை, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளின் பாடத்திட்டத்தில் சேர்க்குமாறு தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. மறுநாளே வகுப்பில் நடத்த வேண்டுமா என்று சில ஆசிரியர்கள் கேட்டார்கள். உத்தரவு அரசுக்குத்தான், தலைமையாசிரியருக்கு அன்று. 2017இல் அரசாணை வெளிவந்த பிறகே அது பள்ளியின் வேலையானது. நீதிமன்ற ஆணை வேறு, அரசாணை வேறு என்பதற்கு மாணவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

உத்தரவை வேண்டுமென்றே நிறைவேற்றாமல் இருப்பது அவமதிப்பு. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி ஆறு மாதம்வரை வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்கப்பட வேண்டும்.

ஆணை கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியவை வழக்கு எண், தேதி, தரப்பினர் பெயர், கடைசிப் பத்தி. என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்பது பெரும்பாலும் அந்தப் பத்தியில்தான் இருக்கும். உயர்நீதிமன்ற ஆணைகள் ஆங்கிலத்தில் இருப்பதால், தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். மேல்முறையீட்டுக்குச் சான்றிட்ட நகல் தேவை. அதற்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். நகல் தயாராகப் பிடிக்கும் நாட்கள் மேல்முறையீட்டுக் கெடுவில் சேராது.