சைக்கிளைச் சாய்த்து வைத்த பிறகு... வீராங்கனைகளின் மனசுக்குள் என்ன நடக்கிறது?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முள்ளக்காடு தாண்டினால் உப்பளம்தான். ஏற்ற இறக்கம் கிடையாது. மர நிழலும் குறைவு. ஆடி மாதம் கச்சான் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அங்கே சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்... கால் வலிப்பதற்கு முன்பே, 'போதும், இறங்கிவிடு' என்று மனசு சொல்ல ஆரம்பித்துவிடும்.

உலக அளவில் பந்தய சைக்கிள் ஓட்டும் பெண்கள், வருடக்கணக்கில் அந்தக் குரலோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிறார்கள். ஆனால், அவர்களில் பலருக்கு அதைவிடக் கஷ்டமான நாள் ஒன்று உண்டு. 'இனி பந்தயம் இல்லை' என்று சைக்கிளைச் சாய்த்து வைக்கும் நாள்!

பதக்கத்துக்குப் பின்னால்...

பிரிட்டனின் விக்டோரியா பெண்டில்டன், 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர். லண்டன் போட்டி முடிந்த கையோடு, 31 வயதில் ஓய்வு பெற்றார். பந்தய காலத்தில் மன அழுத்தம் தாங்காமல் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதை, பிறகு வெளிப்படையாகவே சொன்னார். ஓய்வுக்குப் பின் குதிரைப் பந்தயம் கற்று, 2016-ல் செல்ட்டன்ஹாம் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். 2018-ல் எவரெஸ்ட் ஏறப் போனவர், ஆக்சிஜன் குறைபாட்டால் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகு கடும் மனச்சோர்வில் விழுந்து, மெல்ல மீண்டார்.

கனடாவின் கிளாரா ஹியூஸ், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சைக்கிளில் இரண்டு வெண்கலம் வென்றார். ஊரே கொண்டாடிய அந்த நேரத்தில்தான் மனச்சோர்வு அவரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து மீண்டு, பனிச்சறுக்கு ஓட்டத்தில் 2006-ல் தங்கமே வாங்கினார். ஓய்வுக்குப் பிறகு, 2014-ல் மனநலம் பற்றிப் பேசுவதற்காகவே கனடா முழுக்கச் சுமார் 11,000 கிலோமீட்டர் சைக்கிளில் சுற்றினார்.

ஏன் இந்த வெறுமை?

எழுவது, சாப்பிடுவது, தூங்குவது என எல்லாமே பயிற்சிக்காக என்று பத்து, பதினைந்து வருடங்கள் வாழ்ந்தவருக்கு, ஒரே நாளில் அட்டவணையே இல்லாமல் போகிறது. தினமும் பல மணி நேரம் உழைத்துப் பழகிய உடம்பு திடீரென நின்றால் தூக்கமும் பசியும் மாறும், எரிச்சல் வரும். கூடவே இருந்த தோழிகளும் பயிற்சியாளரும் தூரமாகிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், 'சைக்கிள் இல்லையென்றால் நான் யார்?' என்ற கேள்வி. தானே நாள் குறித்து விலகுகிறவர்களைவிட, காயத்தாலோ அணியிலிருந்து நீக்கப்பட்டோ விலகுகிறவர்களுக்கு இது இன்னும் வலிக்கும்.

புதுக்கோட்டை சாந்தியின் கதை

விலகியவர் அல்ல, விலக்கப்பட்டவர் நம் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஓட்டமும் போனது, மானமும் போனது என்று நொறுங்கி, உயிரையே விடத் துணிந்தார். செங்கல் சூளையில் கூலி வேலையும் பார்த்தார். ஆனால், அங்கேயே நின்றுவிடவில்லை. பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளரானார். அவரை மீட்டதில், பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்ததற்குப் பெரிய பங்கு உண்டு.

தூத்துக்குடிக்கு இது புதிதல்ல. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோனது. மூச்சடக்கும் வித்தையைக் கைவிடாத பலர், சங்கு குளிக்கப் போனார்கள். தொழில் மாறியது, கற்ற வித்தை வீண்போகவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* மகள் விளையாடும் காலத்திலேயே படிப்பு, நட்பு, வேறொரு விருப்பம் என்று இன்னொரு வாசலையும் திறந்து வையுங்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.

* பயிற்சியை ஒரேயடியாக நிறுத்தாமல், படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

* 'இவ்வளவு செலவு பண்ணினோமே', 'அடுத்து கல்யாணம்தானே' போன்ற பேச்சுகளைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். அவள் பேசினால் காது கொடுங்கள்.

* ஓய்வு என்பது பூட்டிய கதவு அல்ல. நெதர்லாந்தின் ஒலிம்பிக் சாம்பியன் அன்னா வான் டெர் பிரெகன் 2021-ல் ஓய்வு பெற்றுவிட்டு, 2025-ல் மீண்டும் பந்தயத்துக்கு வந்தார். திரும்பி வருவதும் வராததும் அவரவர் விருப்பம்.

* இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாத நிலை தொடர்ந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் பேச்சு வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

முட்டி வலித்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். மனசு வலித்தாலும் அப்படித்தான் போக வேண்டும்!