சுருங்கிய இரைப்பையும் சூட்கேஸும்

2014 செப்டம்பரில், அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த மாத இறுதியிலேயே சுவாசத் தொற்றுக்காக எய்ம்ஸில் சேர்க்கப்பட்டார். அமைச்சரோ விற்பனை மேலாளரோ, உடம்பு தேறும் வேகத்தை அலுவலக நாட்காட்டி தீர்மானிப்பதில்லை.

இந்த அறுவையின் ஒரு வகையான 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. முதலில் திரவ உணவு, பிறகு கூழ், அப்புறம்தான் குழைந்த சோறு. இந்த நேரத்தில் வேலை நிமித்தமான பயணம் என்றால் பெரிய கவலை சாப்பாடு அல்ல, கால். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே மருத்துவர் சம்மதித்த பிறகே டிக்கெட். விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை நல்லது. அவ்வப்போது எழுந்து நடக்கலாம்.

தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்க முடியாது. நாள் முழுக்கச் சிறுசிறு மிடறுதான், அதுவும் சாப்பாட்டோடு சேராமல். புரதப் பொடியைக் கலக்காமல் எடுத்துச் செல்வது வசதி.

தர்மசங்கடம் விருந்து மேசையில்தான். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க சார்" என்ற உபசாரத்துக்கு, "டாக்டர் சொல்லியிருக்கார்" என்ற பதிலே போதும். அறுவை பற்றி வாடிக்கையாளரிடம் விளக்க வேண்டியதில்லை. மது வேண்டவே வேண்டாம்: இரைப்பை சுருங்கியவர்களுக்குப் போதை சட்டென்று ஏறும்.