சுண்டைக்காய் கால் பணம்!

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்களே, இங்க்ஜெட் பிரிண்டர் கதையும் அதுதான். மெஷினை மலிவாகத் தந்துவிட்டு, லாபத்தைக் கார்ட்ரிட்ஜில் எடுப்பார்கள்.

எச்.பி. 805 கறுப்புக் கார்ட்ரிட்ஜ் சுமார் 120 பக்கம்தான் வரும். 60 பக்க பிராஜெக்ட் ரிப்போர்ட் 5 காப்பி என்றால் 300 பக்கம். மூணு கார்ட்ரிட்ஜ் வேணும்! டேங்க் பிரிண்டருக்கு முதலில் விலை கூடுதல்; ஆனால் எப்சன் 003 கறுப்பு மை ஒரு பாட்டிலுக்குச் சுமார் 4,500 பக்கம் வரும். சும்மா கிடந்தாலும் மை காயும். ஹெட் கிளீனிங்கும் மை குடிக்கும்.

நண்பர்களே, வாங்கும் முன் கார்ட்ரிட்ஜ் விலையைப் பக்கத்தால் வகுத்துப் பாருங்க. எப்பவாவது பிரிண்ட் எடுப்பவருக்கு ஜெராக்ஸ் கடையே மேல். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னைப் போன்றோருக்கு ஒவ்வொரு கார்ட்ரிட்ஜும் அப்பாவின் ஒரு நாள் கூலி!