எல்லை அறியாப் பறவைகள்

மாணவர்களே! எட்டு நாட்கள் எங்கும் இறங்காமல் பெருங்கடலைக் கடக்கும் பறவை ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? அதன் பெயர் பட்டைவால் மூக்கன்.

2007-ஆம் ஆண்டு, நியூசிலாந்தில் பெண் மூக்கன் ஒன்றுக்கு, செயற்கைக்கோள் வழியே இருப்பிடத்தைத் தெரிவிக்கும் சிறு கருவியைப் பொருத்தினர். மார்ச் மாதம் புறப்பட்ட அப்பறவை, சுமார் 10,000 கி.மீ. இடைவிடாது பறந்து, யாலு ஆறு மஞ்சள் கடலில் கலக்கும் சீனக் கரையை அடைந்தது. சில வாரங்கள் அங்கே தங்கிவிட்டு, இனப்பெருக்கத்திற்காக அலாஸ்கா சென்றது. ஆகஸ்ட் இறுதியில் அங்கிருந்து கிளம்பி, பசிபிக் பெருங்கடலின் மேல் சுமார் 11,600 கி.மீ. ஒரே மூச்சில் பறந்து நியூசிலாந்து திரும்பியது!

மஞ்சள் கடலில் அது ஏன் தங்கியது? ஓதம் வடியும்போது அங்கே பரந்த சேற்றுவெளி தோன்றும். சேற்றினுள் புழுக்களும் சிப்பிகளும் ஏராளம். நீண்ட அலகால் அவற்றைத் துழாவித் தின்று மூக்கன் கொழுக்கிறது. அக்கொழுப்பே அடுத்த பயணத்திற்கு எரிபொருள். வாத்தைப்போல் கடலில் மிதந்து இளைப்பாற அதனால் இயலாது. சேற்றுவெளி இல்லையேல் பயணமும் இல்லை.

ஆனால் மனிதர் அதை வீண்நிலம் என எண்ணினர். தென்கொரியாவின் சேமான்கும் என்னுமிடத்தில் 33 கி.மீ. நீளச் சுவர் 2006-இல் கடலை அடைத்தது. அங்கே தங்கிவந்த உள்ளான் வகை ஒன்று, தான் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியாவிலும் எண்ணிக்கையில் குறைந்தது. சுவர் எழுந்தது ஒரு நாட்டில். இழப்போ மற்றொரு நாட்டிலும்!

எனவே, ஈரநிலங்களைத் தனியொரு நாடு காத்தால் போதாது. இதை உணர்ந்தே, ஈரானின் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இதில் சேரும் நாடு, தன் ஈரநிலங்களில் ஒன்றையேனும் பன்னாட்டுப் பட்டியலில் சேர்த்து, அதன் இயல்பு கெடாமல் காக்க வேண்டும். இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உள்ளன. இந்தியா 1982-இல் சேர்ந்தது. நம் கோடியக்கரை 2002-இல் பட்டியலில் இடம்பெற்றது.

உடன்படிக்கையை மீறும் நாட்டைத் தண்டிக்க வழியில்லை என்பது உண்மையே. எனினும் கூட்டுமுயற்சி பலன் தராமற்போகவில்லை. 2004-இல் நியூசிலாந்தின் பறவை ஆர்வலர் அமைப்பு ஒன்றும் யாலு ஆற்றுக் காப்பகமும் தோழமை ஒப்பந்தம் செய்துகொண்டன. 2018-இல் சீனா கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2024-இல் யாலு முகத்துவாரம் உலகப் பாரம்பரியக் களத்தில் சேர்க்கப்பட்டது.

மூக்கனின் பாதை ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒவ்வொரு நாட்டின் கையில் இருக்கிறது. ஒன்று அறுந்தாலும் சங்கிலி அறுந்ததே அன்றோ?