மறைக்கும் துணி, காட்டும் துணி

கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, பிளஸ் டூ படிக்கும் மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் நிற்கும் ஒருவர் தன் முன்னால் ஒரு துணியை விரிக்கிறார். கழுத்துக்குக் கீழே ஆளைக் காணோம். பின்னாலிருக்கும் செடிகள்தான் தெரிகின்றன. 'இந்தத் துணி எப்போது கடைக்கு வரும்?' என்று கேட்கிறார். அது சினிமாக்காரர்கள் பச்சைத் திரை வைத்துச் செய்யும் வேலை. துணியின் நிறத்தைக் கணினி நீக்கிவிட்டு, முன்பே எடுத்து வைத்த தோட்டத்தின் படத்தை அங்கே நிரப்பிவிடுகிறது.

அத்தோடு பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. காணொளியில் ஒட்டுவேலை எதுவும் செய்யாமல், எதிரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கே ஆளை மறைத்துக் காட்டிய மேலங்கி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 2003-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சுசுமு தாச்சியின் குழு அதை உலகுக்குக் காட்டியது. குழுவில் ஒருவரான மசாஹிகோ இனாமிக்கு இந்த ஆசையைத் தூண்டியது 'கோஸ்ட் இன் த ஷெல்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதை. ஒளியியல் உருமறைப்பு என்று அவர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். அப்போது வெளியான படங்களில், சாம்பல் நிற மழைக்கோட்டு போன்ற அங்கியை அணிந்து ஒருவர் தெருவில் நிற்கிறார். அவருடைய முகம் தெரிகிறது. மார்பும் வயிறும் இருக்க வேண்டிய இடத்தில், முதுகுக்குப் பின்னால் தெருவில் நடந்து போகிறவர்கள் தெரிகிறார்கள்.

அவருக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கிறது. அது பிடிக்கும் காட்சியை, முன்னாலிருக்கும் புரொஜெக்டர் அங்கியின் மேல் பாய்ச்சுகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். வெள்ளை வேட்டி சட்டையோடு புரொஜெக்டர் முன்னால் நின்றாலும் படம் விழத்தான் செய்யும். ஆனால் பகல் வெளிச்சத்தில் அது வெளிறிப்போய்த் தெரியும், சட்டை மடிப்புகளில் கோணிக்கொள்ளும். யாரும் ஏமாற மாட்டார்கள்.

வித்தை துணியில் இருக்கிறது. அதன் மேல் கண்ணாடி மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 50 மைக்ரான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. மணிக்குள் நுழையும் ஒளிக்கதிர் வளைந்து, அதன் பின்சுவரில் ஒரு புள்ளியில் குவிந்து, அங்கே பட்டுத் திரும்பி, வந்த திசையிலேயே வெளியேறுகிறது. எந்தக் கண்ணாடியிலும் இது நடந்துவிடாது. ஜன்னல் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5, அதில் மணி செய்தால் கதிர்கள் மணியைத் தாண்டிப் போய்த்தான் குவியும். பின்சுவரிலேயே குவிவதற்கு 1.9 அளவுள்ள கண்ணாடி வேண்டும்.

சுவரும் துணியும் தம்மேல் விழும் ஒளியை எல்லாத் திசையிலும் இறைத்துவிடுகின்றன. கண்ணாடி மணி அப்படிச் செய்யாது. எங்கள் பெரியம்மா ஒருவர் இருந்தார். யாரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்தச் சொல் அவரிடமிருந்து அடுத்த வீட்டுக்குப் போகாது. சொன்னவரிடமே நேராக வந்து, 'இப்படிச் சொன்னியே, நியாயமா?' என்று கேட்பார். மணியின் குணமும் அதுவே. ஒளி எந்தச் சாய்வில் வந்து விழுந்தாலும் அனுப்பிய இடத்துக்கே அதைத் திருப்பித் தருகிறது. புரொஜெக்டரின் வெளிச்சம் வீணாகாமல் திரும்புவதால் படம் பளிச்சென்று இருக்கிறது. துணி சுருங்கினாலும் மடிந்தாலும் படம் கெடுவதில்லை. அதே படம் அணிந்தவரின் முகத்திலும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. தோல் அதை நாலாபுறமும் இறைத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

ஆனால் ஒளி திரும்பிப் போவது புரொஜெக்டருக்கு. பார்க்கும் கண்ணும் அங்கேயே இருந்தாக வேண்டும். ஒரே இடத்தில் புரொஜெக்டரையும் தலையையும் வைக்க முடியாது என்பதால், பாதி ஒளியை விட்டு மீதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றை நடுவில் 45 டிகிரி சாய்த்து வைத்தார்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுபோல் ஒளிக்கு ஆகிவிடுகிறது. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்ப்பவருக்கு மட்டும் ஆள் மறைகிறார். இரண்டடி தள்ளி நிற்பவருக்கு அவர் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஓர் ஆள், அவ்வளவே.

எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மறைய வேண்டுமானால், ஒளியையே பொருளைச் சுற்றி வளைத்து அனுப்ப வேண்டும். அதற்கான கணக்கை ஜான் பெண்ட்ரியும் உல்ஃப் லெயன்ஹார்ட்டும் தனித்தனியே 2006-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழுவினர், செம்புச் சில்லுகள் பதித்த 10 வளையங்களுக்கு நடுவே ஒரு செம்பு உருளையை வைத்து, அதன் நிழலை வெகுவாகக் குறைத்துக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அல்ல, சுமார் 3.5 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட மைக்ரோவேவில். நம் கண் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதற்கேற்ற வளையங்களின் நுணுக்கங்கள் அதையும்விடச் சிறியவையாக இருக்க வேண்டும். சுற்றுவழியில் போன ஒளி நேர்வழியில் போனதுபோல் வந்து சேர வேண்டும் என்பதால், ஒரு குறிப்பிட்ட நிறத்துக்குச் சரியாக அமைவது மற்ற நிறங்களுக்குப் பிசகிவிடுகிறது. இன்னொன்றையும் அந்த மாணவர் யோசிக்க வேண்டும். ஒளி முழுவதும் உடலைச் சுற்றிப் போய்விட்டால் விழித்திரைக்கு என்ன மிஞ்சும்? முழுதாக மறைந்தவருக்கு எதுவும் தெரியாது.

இந்தத் துறையின் நல்ல பக்கத்தை முதலில் உணர்ந்தவரும் இனாமிதான் என்பது என் எண்ணம். பின்னாளில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் அவர் குழு ஒரு பிரியஸ் காரை எடுத்துக்கொண்டது. அதே மணித்துணியைப் பின் இருக்கையில் போர்த்தி, காருக்குப் பின்னாலிருக்கும் காட்சியை அதன் மேல் பாய்ச்சினார்கள். திரும்பிப் பார்க்கும் ஓட்டுநருக்கு இருக்கையே இல்லாததுபோல், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. ஓட்டுநரின் கண் எங்கே இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால், மேலங்கிக்குப் பெருங்குறையாக இருந்தது இங்கே குறையாகவே இல்லை. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது குழந்தை அடிபட்ட செய்தியைப் படித்தவர்களுக்கு, ஆளை மறைப்பதைவிட இருக்கையை மறைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த மேலங்கியின் துணி நமக்குப் புதியதும் அல்ல. விடியுமுன் தெரு பெருக்கும் தூய்மைப் பணியாளரின் ஜாக்கெட்டில் வெள்ளி நிறப் பட்டை இருக்கிறதே, அதே மணிகள்தான் அதிலும். கைபேசி டார்ச்சைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அந்தப் பட்டையைப் பாருங்கள், வெண்மையாக எரியும். டார்ச்சை மட்டும் ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் அணைந்துபோகும். லாரி ஓட்டுநரின் கண் முகப்பு விளக்குக்கு வெகு உயரத்தில் இருப்பதால், கார் ஓட்டுபவருக்குத் தெரியும் அளவுக்கு அவருக்கு இந்தப் பட்டை பளிச்சிடுவதில்லை.

இனி அதே பட்டையை நனைத்துப் பாருங்கள். மங்கிவிடும். மணியின் மேல் நீர் படிந்ததும் ஒளி வளையும் அளவு குறைந்து, குவியும் புள்ளி பின்சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது. இத்தகைய உடைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 20471 தரவிதியே இதை ஒப்புக்கொள்கிறது. உயர்தரப் பட்டை புதிதாக இருக்கும்போது ஒளியைத் திருப்பும் அளவு 330 இருக்க வேண்டும் என்று கேட்கும் அந்த விதி, மழைச் சோதனையில் 100 இருந்தால் போதும் என்கிறது. துவைக்கத் துவைக்க மணிகளும் உதிர்கின்றன. மழை இரவில், மணி உதிர்ந்த பழைய ஜாக்கெட்டோடு நெடுஞ்சாலை நடுத்திட்டில் வேலை செய்பவர் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாத மனிதர்தான். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரின் பின்னால் சேறு அப்பிக் கிடக்கும், ஒளியைத் திருப்பும் ஸ்டிக்கருக்கும் இதே கதி. மறைவதற்குத் துணி வேண்டும் என்று உலகம் தேடிக்கொண்டிருக்கும்போது, மறையக் கூடாத இவர்களை நாம் கவனிக்காமல் மறைத்துவைத்திருக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

மருந்தும் கைவசம் இருக்கிறது. மணிகளை வெளியே விடாமல் மேலே ஒளி ஊடுருவும் படலம் போட்டு மூடிய பட்டைகள் உண்டு. மணிக்குப் பதில் நுண்ணிய பட்டகங்கள் வைத்தவையும் உண்டு. மழையில் இவை அவ்வளவாக மங்குவதில்லை. ஜாக்கெட் வாங்க டெண்டர் எழுதும் அதிகாரி, 'நனைந்த நிலையில் சோதித்துக் காட்ட வேண்டும்' என்ற ஒரு வரியையும், எத்தனை முறை துவைத்த பிறகு ஜாக்கெட்டை மாற்றித் தர வேண்டும் என்ற இன்னொரு வரியையும் அதில் சேர்க்க வேண்டும்.